விடாத தாடை

ஜூன் 12

அன்புள்ள அண்ணா,

பாப்பா எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன், உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடு பரவாயில்லை, அறையில் மின்விசிறி சுற்றுகிறது. இந்த நான்கையும் முதலில் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் அம்மாவுக்குக் காதில் விழாது, எனக்கும் போனில் வாய் வராது. கடிதமே நல்லது. அம்மாவுக்கு இடது காதுதான் நல்ல காது. அந்தப் பக்கம் உட்கார்ந்து வாசித்துக் காட்டு.

என்ன வேலை என்று பஸ் ஏறும்வரை கேட்டாய். நான் மழுப்பினேன். நம் வீட்டில் முதன்முதலாக ஒருத்தி பட்டம் வாங்கி, எறும்பு வெட்டப் போகிறாள் என்று எப்படிச் சொல்வது? அதுதான் வேலை அண்ணா. வேலைக்கார எறும்பைக் குளிரில் மயங்கவைத்து, மெழுகுத் தட்டில் ஊசியால் குத்தி, உப்புத் தண்ணீரில் அமிழ்த்தி, நுண்ணோக்கியில் பார்த்தபடியே சுரப்பிகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். தாடையின் அடியில் ஒரு ஜோடி. தொண்டைக்குப் பின்னால், விரல்களை விரித்தது போல ஒன்று. நடு உடம்பில், பின்னங்காலுக்கு மேலே ஒரு ஜோடி. வயிற்றின் நுனியில் நச்சுப் பை, அதை ஒட்டி, பாதை போடும் வாசனைக்கு ஒரு சின்னக் குழாய். எள்ளளவு உடம்புக்குள் ஒரு மருந்துக் கடையே இருக்கிறது.

முதல் நாள் எனக்குக் கை நடுங்கியது. எங்கள் ஆய்வகத்தை நடத்துகிற மேடம் பின்னால் வந்து நின்று, "நடுங்குதா?" என்றார்.

"இல்ல மேடம்."

"நடுங்குது. மூச்ச விட்டுட்டு வெட்டு. அடக்கிக்கிட்டு வெட்டாத."

கூட்டுப் பெட்டிகளைப் பராமரிக்கிற டப்பா அக்கா (எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) மாலையில் என் தட்டை எட்டிப் பார்த்து, "நேத்து வந்த பொண்ணு, இன்னிக்கே ஏழு தலை. பாவி, பார்த்தா பூனை மாதிரி இருக்க!" என்றாள். நான் வழக்கம்போல் தரையைப் பார்த்துச் சிரித்தேன்.

ஒன்று கேட்க மறந்தேன். பெட்டியை ஏற்றிக் கொடுத்தபோது உன் வலது கை முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. மருந்து போட்டாயா?

அம்மாவுக்கு என் முத்தம். உனக்கு வேண்டாம், நீ வெட்கப்படுவாய்.

உன் பாப்பா

ஜூன் 25

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. நாங்கள் இருவரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, மழை நின்றால் நான் திட்டினேன் என்று வலிக்கிறது. உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். "பதினாறு வருஷம் படிச்சது எறும்ப வெட்டவா? இங்க அடுப்படியில எத்தனை வேணும்னாலும் இருக்கே" என்று அம்மா கேட்டாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், என் மகள் டாக்டர் மாதிரி ஆபரேஷன் செய்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கைக்கு ஒன்றுமில்லை. கேட் ஷட்டரில் உரசியது. எனக்கும் வேலை நன்றாகப் போகிறது. தொழிற்சாலை வாசலில் இப்போது என் கீழே முப்பது பேர் காவல் நிற்கிறார்கள். எங்கள் காண்ட்ராக்டரை எல்லாரும் பெரியவர் என்போம், அவர் என்னை மலை என்றுதான் கூப்பிடுகிறார். "மலை நின்னா எவன் தாண்டுவான்?" என்பார்.

அதனால் ஒன்று கேட்கிறேன். கேட்டில் நிற்பவனுக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். உன் எறும்புக் கூட்டில் ஆயிரம் பேர் போகிறார்கள், வருகிறார்கள். அட்டையும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. நம்ம ஆள் எது, வெளியாள் எது என்று எப்படித் தெரிகிறது? பதில் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

ஜூலை 4

அன்புள்ள அண்ணா,

நான் நலம். அம்மாவைப் படிக்கட்டில் ஏறவிடாதே. உன் கேள்வியை மேடத்திடம் சொன்னேன். "உங்க அண்ணன் என்ன படிச்சிருக்கார்?" என்று கேட்டார். எட்டாம் வகுப்பு என்றேன். "எங்கள்ல பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி வரல" என்றார். இதை அம்மாவுக்குச் சத்தமாக வாசி.

வாசனைதான் அட்டை. தொண்டைக்குப் பின்னால் விரல் போல ஒரு சுரப்பி என்றேனே, கூட்டின் வாசனை அதில்தான் சேர்கிறது. ஒன்றையொன்று நக்கி, ஊட்டி, எல்லா உடம்பிலும் ஒரே வாசனையைப் பூசிக்கொள்கின்றன. வாசலில் நிற்கும் எறும்பு வருபவளைத் தன் உணர்கொம்பால் ஒரு முறை தொடும். வாசனை சரியென்றால் வழி. இல்லையென்றால் ஆறு எறும்புகள் ஆறு காலைப் பிடித்து இழுக்கும், ஏழாவது முதுகில் ஏறிக் கழுத்தை அறுக்கும். நுண்ணோக்கியின் கீழ் கால் பிய்கிற இடம்கூடத் தெரிகிறது. சத்தம் மட்டும் கேட்காது.

இந்த வாரம் அதையே ஏமாற்றிப் பார்த்தோம். ஒரு கூட்டு எறும்பைக் கழுவி அதன் வாசனையை எடுத்தோம். அடுத்த கூட்டின் தொண்டைச் சுரப்பியைப் பிழிந்து அதன் மேல் பூசி, அந்தக் கூட்டுக்குள்ளேயே விட்டோம். வாசல்காரி தொட்டாள், நகர்ந்து வழிவிட்டாள்! எதிரி நடு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது.

ஆனால் ஏதாவது ஓர் எறும்பு பயந்துவிட்டால் தாடைச் சுரப்பி திறந்துகொள்ளும். எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போல ஒரு வாசனை வரும். எறும்புக்கு அதுதான் கூச்சல். அது எழுந்தால் கூடே புரண்டு வரும். அதனால் உள்ளே நுழைகிற எதிரி முதலில் தலையைத்தான் கவ்வும்.

உன் கேள்விக்கு நீளமாகப் பதில் எழுதிவிட்டேன். நேரில் என்றால் இதில் ஒரு வரிகூடப் பேசியிருக்க மாட்டேன்.

உன் பாப்பா

ஜூலை 30

அன்புள்ள பாப்பாவுக்கு,

இருவரும் சுகம். பதில் தாமதம், கோபிக்காதே. இங்கே வேலைநிறுத்தம் வரும் போல இருக்கிறது. கண்ணாடிக்காரர் என்று ஒருவர், தடிமனான மூக்குக் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், உணவு இடைவேளையில் மேசை மேல் ஏறி நின்று பேசுகிறார். அவர் குரல் கேட் வரை கேட்கிறது.

எங்களுக்குப் புதுச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். நீல நிறம், தொழிலாளர்கள் போடுகிற அதே சட்டை. உன் எறும்புக் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். என் தங்கைக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டத்தான் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மலை, உன் தங்கச்சி பெரிய மூளக்காரிடா" என்றார். மறு வாரம் சட்டை வந்தது.

அம்மா உன்னைச் சீக்கிரம் தூங்கச் சொன்னாள்.

அண்ணன்

ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணா,

நலமா? நான் நலம்தான். ஆனால் உன் கடிதம் வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிட முடியவில்லை.

காவல் நிற்பவர்களுக்குத் தொழிலாளர் சட்டை எதற்கு? கேட்டில் நிற்பவன் வேறு ஆள் என்று தெரியத்தானே சட்டை. நான் தப்பாக நினைக்கிறேன் என்றால் திட்டி எழுது, சந்தோஷப்படுவேன்.

அந்த எறும்புக் கதையை நான் முடிக்கவில்லை. பூசின வாசனை இரண்டு நாள்தான் நின்றது. மூன்றாம் நாள் காலை அதன் உடம்பு சொந்த வாசனையை ஊறவைத்துவிட்டது. கூடவே சாப்பிட்டுக்கொண்டிருந்தவை திரும்பின. டப்பா அக்கா, "ஐயோ, வேஷம் கலைஞ்சிடுச்சு!" என்று கத்தினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் ஒரு கொம்பு போனது, பிறகு இடப்பக்கத்துக் கால்கள், பிறகு இடுப்பில் இரண்டு துண்டு. அது ஒருத்தியின் காலைக் கவ்வியிருந்தது. கழுத்து அறுந்த பிறகும் தாடை விடவில்லை. அந்த எறும்பு இன்னும் ஒரு தலையைக் காலில் இழுத்துக்கொண்டே திரிகிறது. மேடம் அதை எடுக்க வேண்டாம் என்றார். எத்தனை நாள் ஒட்டியிருக்கிறது என்று நான் குறித்துவைக்க வேண்டுமாம்.

சட்டையைப் பற்றி எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

பாப்பா

செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணா,

நீ சுகமாக இருக்கிறாய் என்று மட்டும் எழுது. ஒரு வரி போதும்.

இங்கே வாசகசாலையில் செய்தித்தாள் பார்த்தேன். உங்கள் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் மாறுகிற நேரத்தில் தொழிலாளர்களுக்குள் மோதல், ஒருவர் சாவு என்று போட்டிருந்தது. தலையில் பலமான அடியாம். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்ததாம். புகைப்படத்தில் தடிமனான மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். சக தொழிலாளி ஒருவரைப் பிடித்திருக்கிறார்களாம்.

நீ அங்கே இருந்தாயா? உனக்கு அடிபட்டதா?

பாப்பா

செப்டம்பர் 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா சுகம். நானும் சுகம். எழுத்து கோணலாக இருப்பது இடது கையால் எழுதுவதால். வலது கை மறுபடி ஷட்டரில் மாட்டிக்கொண்டது. உள்ளங்கை ஓரத்தில், சுண்டு விரலுக்குக் கீழே, பிறை நிலா மாதிரி ஒரு வெட்டு. நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் தோல் அறுபடாமல் இருக்கிறது. வீங்கியிருக்கிறது, சீழ் வைத்திருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன்.

நீ பார்த்த செய்தி சரிதான். அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். பிடித்துக்கொண்டு போன ஆளைக் கட்டையன் என்பார்கள், குள்ளமான ஆள். முந்தின நாள் கண்ணாடிக்காரரோடு வேலைநிறுத்தம் பற்றி வாய்ச்சண்டை போட்டிருக்கிறான். சட்டையெல்லாம் ரத்தம். அவரைத் தூக்கினதால் ஆன ரத்தம் என்று அவன் சொல்கிறான். யாரும் நம்பவில்லை.

அவனுக்கு ஓர் அக்கா இருக்கிறாள். தினமும் காலையில் எவர்சில்வர் தூக்குப்பாத்திரத்தோடு கேட்டுக்கு எதிரே வந்து நிற்கிறாள். காவல் நிலையத்தில் சாப்பாட்டை வாங்க மாட்டேன் என்கிறார்களாம். அப்படியே இங்கே வந்துவிடுகிறாள். நேற்று என்னிடம், "தம்பி, நீங்க நல்லவர் மாதிரி இருக்கீங்க. உள்ள யாராவது பார்த்தவங்க இருந்தா சொல்லச் சொல்லுங்கப்பா" என்றாள். "பார்க்கலாம்க்கா" என்றேன்.

இனிமேல் எறும்பைப் பற்றி எழுதாதே.

அண்ணன்

செப்டம்பர் 20

அண்ணா,

இதை அம்மாவுக்கு வாசிக்காதே.

எறும்பைப் பற்றி எழுதாதே என்கிறாய். எனக்கு வேறு எதுவும் தெரியாது. இந்த ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

பின்னங்காலுக்கு மேலே ஒரு ஜோடிச் சுரப்பி என்று எழுதினேன், அது எதற்கென்று எழுதவில்லை. மருந்துக்கு. சில வகை எறும்புகள் சண்டையில் அடிபட்டவளைத் தூக்கிவந்து, புண் அழுகுகிறதா என்று முகர்ந்து பார்க்கும். அழுகினால் அந்தச் சுரப்பியின் நீரை வாயில் எடுத்து வந்து புண்ணில் பூசும். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நமக்கு அந்தச் சுரப்பி இல்லை. மாத்திரை போதாது. இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. போய், உள்ளே ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

ஷட்டர் நேராக வெட்டும் அண்ணா. பிறையாக வெட்டாது. நடுவில் இடைவெளி விடாது. நான் மூன்று மாதமாகக் கடித்த அடையாளங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் மாதத்திலும் அது ஷட்டர் இல்லை. எனக்கு அன்றைக்கே தெரியும். முட்டியில் தோல் உரிவது எதை அடித்தால் என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். யோசித்ததை எழுதவில்லை. மருந்து போட்டாயா என்று எழுதினேன். உன் சம்பளத்தில் படித்தவள் எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டேன்.

வாசனையைப் பூசி உள்ளே விடலாம் என்று எழுதியது நான். கத்துவதற்குள் தலையைக் கவ்வும் என்று எழுதியதும் நான். மேடம் பாராட்டினார் என்று பெருமைக்கு நீட்டி நீட்டி எழுதினேன். அதற்கு நான் என்ன செய்ய வேண்டுமோ செய்கிறேன். கூப்பிட்டால் வந்து, பலர் முன்னால் நின்று, வாய் திறந்து சொல்கிறேன். உன் கடிதங்கள் எல்லாம் என் பெட்டியில் இருக்கின்றன. கிழிக்க மாட்டேன்.

காலில் தலையை இழுத்துத் திரிந்த எறும்பு நேற்று செத்தது. எழுபத்தைந்து நாள். கடைசி வரை தாடை விடவில்லை.

அந்த அக்காவிடம் "பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறாய்.

பாப்பா

அக்டோபர் 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. உடம்பு பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். கட்டில் நன்றாக இருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, வாசலில் போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். அம்மாவைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்கிறாள். இடது கையால்தான் எழுதுகிறேன், இனி எப்போதும் இப்படித்தான். சுண்டு விரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்கள் மடங்குவதில்லை.

நீ சொன்னபடி போனேன். டாக்டர் கீறிச் சீழை எடுத்தார். இடுக்கியால் எதையோ பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது எலும்பு இல்லப்பா. பல்லு. வாயைத் திற." திறந்தேன். "உன் பல்லு இல்ல" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கையில் கொடுத்தார்.

எழுதிவிடுகிறேன், நீ முழுதாகத் தெரிந்துகொள். ஷிப்ட் மாறும்போது நாங்கள் முப்பது பேரும் நீலச் சட்டையோடு கூட்டத்தில் கலந்து உள்ளே போனோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் எனக்கு வணக்கம்கூடச் சொன்னார். "சும்மா நாலு தட்டு தட்டுங்க. ஆனா கத்தவிடாதீங்க, கத்தினா மொத்தப் பேரும் வந்துடுவான்" என்று பெரியவர் சொல்லியிருந்தார். கண்ணாடிக்காரர் கைகழுவும் தொட்டிப் பக்கம் தனியாக இருந்தார். கண்ணாடியைக் கழற்றி முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "யாருப்பா, புது ஆளா?" என்றார். நான் பின்னால் போய் வாயைப் பொத்தினேன். மற்றவர்கள் வயிற்றில் குத்தினார்கள். அவர் என் கையைக் கடித்தார். மெலிந்த ஆள் பாப்பா, என்னில் பாதி எடைதான் இருக்கும். விடவே இல்லை. எலும்பு வரை இறங்கியது. எனக்குத்தான் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தவும் முடியாது. விடுய்யா, விடுய்யா என்று காதில் சொன்னேன். தலையைப் பிடித்துத் தொட்டி விளிம்பில் மோதினேன். இரண்டாவது தடவை சத்தம் வேறு மாதிரி வந்தது. மூன்றாவது தடவை மோதியிருக்கத் தேவையில்லை. மோதினேன். அப்படியும் பல்லை நான்தான் பிரித்தெடுத்தேன்.

நாங்கள் ஓடின பிறகு கட்டையன் வந்து அவரை மடியில் தூக்கிப் போட்டிருக்கிறான்.

டாக்டர் கொடுத்த குப்பியை இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். பெரியவர் பழத்தோடு வந்தார். "அதத் தூக்கி எறிடா. ஒருத்தன் உள்ள இருக்கான், அதோட முடிஞ்சுது. உன் தங்கச்சி படிப்பு, வேலை எல்லாம் யோசி" என்றார். உன் பேச்சை எடுக்காமல் இருந்திருந்தால் எறிந்திருப்பேனோ என்னவோ. அன்றைக்கே கட்டுப் போட்ட கையோடு காவல் நிலையத்துக்கு நடந்தேன். மேசையில் குப்பியை வைத்தேன். அங்கே இருந்தவர் ஆட்டிப் பார்த்து, "என்னப்பா இது, உன் பால் பல்லா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செத்த ஆளின் பிரேதப் பரிசோதனைப் படத்தில் மீதிப் பாதி இருக்கும், பொருத்திப் பாருங்கள் என்றேன். சிரிப்பு நின்றது. நீலச் சட்டையையும் கொடுத்தேன். பெரியவரின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். என் கடிதங்களைக் கேட்டு உன்னிடம் வருவார்கள், கொடுத்துவிடு. பயப்படாதே. சட்டை நீ கொடுத்ததில்லை. கை என்னுடையது.

கட்டையனை முந்தாநாள் விட்டுவிட்டார்கள்.

நேற்றுக் காலை அவன் அக்கா இங்கே வந்தாள். அதே தூக்குப்பாத்திரம். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து போலீஸ்காரர் எழுந்து வழிவிட்டார். கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். "உன்னையத்தானே தம்பின்னு கூப்பிட்டேன்?" என்றாள். ஆமாக்கா என்றேன். பாத்திரத்தைத் தூக்கி என் முகத்தில் அடித்தாள். போலீஸ்காரர் வந்து பிடிப்பதற்குள் நாலு அடி. நான் கையைத் தூக்கவில்லை. ஒரு கைதான் இருக்கிறது என்பதற்காக இல்லை.

விளிம்பு பட்டு முன்பல் ஒன்று ஆடுகிறது. பிடுங்கிவிடலாமா என்று டாக்டர் கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு நீதான் சொல்ல வேண்டும். எழுதினால் வாசிக்க இனி ஆளில்லை. நேரில் வா, இடது காதுப் பக்கம் உட்கார்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்